அப்பாவின் ‘ஹோய்’

தகரக் கூரையின்மேல் மழை அடித்துப் பெய்யும்போது பேஸ் கிட்டாரின் ஓசை காதுக்கு வருவதில்லை; அது வயிற்றுக்குத்தான் வரும். பெக்கான் நானாஸில் அன்னாசியை டின்னில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையின் பின்புறம், காலி டின்களைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்த ஸ்டோரில், அப்பா அந்தத் தடித்த கம்பியை ஒரு தடவை இழுத்து விட்டால் டின்கள் எல்லாம் சேர்ந்து முனகும். அட்டைப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் எனக்கு அடிவயிற்றில் யாரோ மெல்லத் தட்டுவதுபோல் இருக்கும். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா கால்பந்து விளையாட்டுக்காரர். அவர் கைக்குக் கிட்டார் வந்தது அந்த ஒரு மழைக்காலத்தில் மட்டும்தான்.

பந்துதான் அப்பாவின் பிழைப்பு என்று சொன்னால், இன்றைக்கு உள்ளவர்கள் பெரிய பெயர் வாங்கிய ஆட்டக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. அந்தக் காலத்தில் தோட்டம், துறைமுகம், தொழிற்சாலை என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குழு வைத்திருக்கும். ஆடத் தெரிந்தவனுக்கு ஒரு வேலையும் ‘குவாட்டர்ஸ்’ வீடும் கொடுத்துக் கூப்பிட்டுக்கொள்ளும். ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் இரண்டையும் திரும்ப வாங்கிக்கொள்ளும். அப்பா காஹாங் செம்பனைத் தோட்டத்தில் ஆடத் தொடங்கி, குளுவாங், பத்து பஹாட், மாசாய் என்று ஜொகூர் மாநிலம் முழுக்க ஆடினார். ஓரிடத்தில் காவலாளி, ஓரிடத்தில் லோரி உதவியாள், ஓரிடத்தில் புல் வெட்டுகிறவர். ஆனால் திடலில் எங்கே போனாலும் இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர், ‘லெஃப்ட் பேக்’. அவர் மோசம் என்று யாரும் சொன்னதில்லை. வேண்டும் என்று யாரும் பிடித்து வைத்துக்கொண்டதும் இல்லை. எந்தக் குழுவிலும் ஒரு பருவத்துக்கு மேல் அவர் நிலைக்காததால், அடிக்கடி வீட்டுச் சாமானை ஏற்றி இறக்குவதைப் பார்த்தவர்கள் ‘லோரி செல்வம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். தற்காப்பில் நிற்கிறவன் வாயைத் திறந்து கத்த வேண்டும். யார் ஓடி வருகிறான், யார் ஏற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவுக்கு வாய் வராது. வீட்டிலும் அப்படித்தான். கறியில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் உப்பு டப்பாவைப் பார்ப்பார். ஒவ்வொரு ஊரிலும் பயிற்சியாளர் கடைசியில் அதையே சொல்லித்தான் அனுப்பி வைத்தார். நான் அப்படியே அவரை உரித்து வைத்துப் பிறந்தவள். புதுப் பள்ளியில் யாராவது பெயர் கேட்டால், பதில் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். அது வெளியே வருவதற்குள் கேட்டவர் போயிருப்பார். ஒருத்தி என்னோடு பேசிப் பழகத் தொடங்கும் நேரத்தில் வாசலில் லோரி வந்து நிற்கும்.

பெக்கான் நானாஸில்தான் எனக்குப் புனிதா கிடைத்தாள். அவள் என் பதிலுக்காகக் காத்திருக்கிறவள் இல்லை. இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அடுத்த வருடம் ஜன்னல் பக்கத்தில் இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று அவள் முடிவுசெய்து, மற்ற பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஓர் இடம் சொல்லி வைக்கப்பட்டிருந்தது.

ஆனால் அந்த வருடம் அப்பாவின் குழு புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. பின்வரிசை எல்லா ஆட்டத்திலும் கோல் வாங்கியது. கடைசி ஆட்டம், முதல் இடத்தில் இருந்த குளுவாங் குழுவோடு. சமநிலை கண்டால்கூடப் பிரிவில் நிலைத்துவிடலாம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கம். இறங்கினால் வயதானவர்களை எடுத்துவிட்டு இளையவர்களைப் போடப்போவதாகவும், வீட்டைக் காலி செய்யும்படி இருக்கும் என்றும் மேனேஜர் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் மழை பிடித்தது. திடலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கோல் கம்பத்தடியில் வாத்துகள் நீந்தின. ஆட்டத்தைத் தண்ணீர் வடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள்.

கோல்கீப்பர் ரோஸ்லி, கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஒரு குழுவில் டிரம்ஸ் அடிப்பவர். சாமான் வைத்திருந்த மண்டபத்துக்குள் வெள்ளம் வந்துவிடவே, எல்லாவற்றையும் மேட்டில் இருந்த எங்கள் ஸ்டோருக்குக் கொண்டுவந்துவிட்டார். கல்யாணங்கள் நின்றுபோயிருந்தன, அவருடைய குழுவினர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். பந்தும் இல்லை. கம்பத்துக்குக் கம்பம், கிராமத்துக்குக் கிராமம், நீள முடி வைத்த பையன்கள் ராக் குழு நடத்திய காலம் அது. வேலை முடிந்த சாயங்காலங்களில் ரோஸ்லி டிரம்ஸில் உட்கார, நடுத் தற்காப்பு ஆட்டக்காரர் ஆ ஹெங் கிட்டாரை எடுக்க, திடலில் அவருக்குத் துணையாக நிற்கும் மணியம் மாமா பாட, யாரும் எடுக்காமல் மூலையில் கிடந்த பேஸ் கிட்டாரை அப்பாவின் தோளில் மாட்டிவிட்டார்கள். குழுவுக்குப் பெயர் ‘பாஞ்சிர்’. மலாயில் வெள்ளம் என்று பொருள்.

அம்மா ஸ்டோர் வாசலில் குடையோடு நின்று பார்த்துவிட்டு, “பந்து தண்ணில போச்சு, இப்ப பாட்டா? நல்லா இருக்கு. வீட்டக் காலி பண்றப்ப ஊர்வலத்துக்கு மேளம் கெடச்சிடுச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு இரண்டு சுரங்களுக்கு மேல் விரல் போகவில்லை. அதையே மாற்றி மாற்றி அடிப்பார். மணியம் மாமா விடுவாரா?

“அண்ணே, ஒங்க கிட்டாரு ரெண்டே வார்த்ததான் பேசுது. அண்ணிகிட்ட பேசற மாதிரியே இருக்கு.”

அப்பா சிரித்துக்கொண்டே அதே இரண்டையும் மறுபடியும் அடித்தார். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சொந்தப் பாட்டு, பாதி மலாய், பாதி தமிழ், தண்ணீர் எப்போது வடியும் என்பது பற்றி. அதன் நடுவில் எல்லோரும் ஒரே நொடியில் நிறுத்தி, ஒரே நொடியில் மறுபடியும் தொடங்க வேண்டும். அதுதான் வரவில்லை. மணியம் மாமா கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். ஆ ஹெங் தன் விரல்களையே பார்ப்பார். ரோஸ்லி அடிக்கத் தொடங்கினால் ஊரையே மறந்துவிடுவார். சும்மா இருந்த கண்கள் அப்பாவுடையவை மட்டும்தான். ஆகவே மூன்று பேர் முகத்தையும் பார்த்து, சரியான நொடியில் ‘ஹோய்’ என்று கத்தும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள்.

முதல் நாள் அவர் சொன்ன ‘ஹோய்’ எனக்கே கேட்கவில்லை. டின்னுக்குக்கூடக் கேட்கவில்லை என்று ரோஸ்லி தலையில் கை வைத்தார். மழையோ கூரையை உடைத்துக்கொண்டிருந்தது, டிரம்ஸோ அதற்கு மேல். கத்தினால்தான் உண்டு. ஒரு வாரம் அவர் கத்திப் பார்த்தார். வெட்கத்தில் காது சிவக்கும். பிறகு ஒரு நாள், அவர் வயிற்றுக்குள் எங்கேயோ மடித்து வைத்திருந்த குரல் ஒன்று, நான் அதுவரை கேட்டிராத குரல், ‘ஹோய்’ என்று வெளியே வந்தது. மூவரும் அப்படியே நின்றார்கள். மழை மட்டும் பெய்தது. மறுபடியும் ‘ஹோய்’. நால்வரும் ஒரே காலடி வைத்ததுபோல் ஒன்றாகத் தொடங்கினார்கள்.

ஜனவரியில் தொழிற்சாலையின் வருட விருந்தில் ‘பாஞ்சிர்’ மேடை ஏறியது. அன்னாசி வெட்டும் பிரிவில் இருந்த அக்காமார்கள், நாள் முழுக்கக் கையுறை போட்டு வெளுத்துப்போன கைகளைத் தட்டினார்கள். அப்பாவின் முதல் ‘ஹோய்’க்குப் பாட்டு நின்றது, மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் தடவை மண்டபம் முழுதும் அவரோடு சேர்ந்து கத்தியது. அதுதான் அந்தக் குழுவின் ஒரே மேடை. தண்ணீர் வடிந்துவிட்டது, மறு வாரம் ரோஸ்லியின் ஆட்கள் வேனில் வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

புது வருடத்துக்குப் பள்ளி திறந்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் புனிதாவோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு என் இல்லத்தின் மஞ்சள் சட்டையை வாங்கித் தரும்படி கேட்டபோது அம்மா, “மேட்ச் முடியட்டும், பாப்பா” என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

ஆட்ட நாளில் திடல் இன்னும் சதசதவென்றிருந்தது. ரைட் பேக் இடத்தில் ஒரு புது முகம். ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தினேஷ் என்ற இளைஞர். அடுத்த பருவத்தில் அப்பாவின் இடத்துக்கு இவர்தான் என்று மேனேஜர் பார்த்து வைத்திருந்தவர். அன்றைக்கு மட்டும் வலது பக்கத்தில் போட்டு ஆழம் பார்த்தார்.

தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு புதுமை தெரிந்தது. குளுவாங் ஆட்டக்காரன் பந்தை முன்னால் உதைக்கப்போகும் அந்த நொடியில், அப்பா ‘ஹோய்’ என்றார். மணியம் மாமாவும் ஆ ஹெங்கும் அப்பாவும் ஒன்றாக முன்னால் ஓரடி பாய்ந்தார்கள். பந்து உதைபடும்போது கடைசித் தற்காப்பாளனைத் தாண்டி நிற்கிற எதிராளி ஆஃப்சைட்; அவன் போடும் கோல் செல்லாது. ஆகவே வரிசை முழுதும் சேர்ந்து முன்னேறிவிட்டால் அவன் தானாகவே மாட்டிக்கொள்வான். ஆனால் வரிசையில் ஒருவன் பின்தங்கினாலும் போச்சு. தினேஷ் பின்தங்கினார். அவருக்கு ‘ஹோய்’ தெரியாது. குளுவாங் முன்னாட்டக்காரன் தனியாக ஓடி ரோஸ்லியைத் தாண்டிப் பந்தை உள்ளே தட்டினான்.

அதற்குப் பிறகு அப்பா வாயைத் திறக்கவில்லை. பழைய அப்பாவாகிவிட்டார். தலையைக் குனிந்து ஓடினார். அம்மா குடையை மடக்கி விரித்து, மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். எங்களோடு நின்ற புனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இடைவேளையில்தான் அது நடந்தது. மற்றவர்கள் ஆரஞ்சுத் துண்டைச் சப்பிக்கொண்டிருக்க, ரோஸ்லி ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இரண்டு கையாலும் தாளம் போடத் தொடங்கினார். மணியம் மாமா எழுந்து நின்று அந்தத் தண்ணீர்ப் பாட்டைப் பாடினார். மேனேஜர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். தினேஷைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள்.

“நான் பந்தத்தான பாக்கணும்? இவர எப்படிப் பாக்கறது?” என்றார் தினேஷ், கோபமாக.

“பந்து நாங்க பாக்கறோம் லா. நீ செல்வம் வாய பாரு” என்றார் ஆ ஹெங், தனக்குத் தெரிந்த தமிழில்.

பாட்டு நிற்க வேண்டிய இடம் வந்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சும்மா இருந்தார். தாளம் தாண்டிப் போனது. ரோஸ்லி மறுபடியும் முதலில் இருந்து அடித்தார். மணியம் மாமா பாட்டை நிறுத்திவிட்டு, மெதுவாக, “அண்ணே, நீங்க சொல்லாட்டி நாங்க எல்லாம் நின்ன எடத்துலயே நிப்போம்” என்றார்.

அப்பா நிமிர்ந்து எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கத்தினார். தினேஷ் தடுமாறினார், இன்னொரு தடவை, இன்னொரு தடவை. நடுவர் விசில் ஊதிக் கூப்பிடும்போது நான்கு பேரும் சேற்றில் ஒரே நேரத்தில் கால் வைத்தார்கள். சத்தமும் ஒன்றாகத்தான் வந்தது.

இரண்டாம் பாதியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். குளுவாங் பந்தை உயர்த்தும், ‘ஹோய்’, நால்வரும் பாய்வார்கள், கோட்டோர நடுவர் கொடியைத் தூக்குவார். மறுபடியும் உயர்த்தும், ‘ஹோய்’, கொடி. அந்த முன்னாட்டக்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். அன்னாசிப் பிரிவு அக்காமார்களுக்கு இது என்ன பாட்டு என்று புரிந்துவிட்டது. அப்பா வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். எங்கள் பக்கம் ஒரு கோல் போட்டது. யார் போட்டார் என்பதுகூட எனக்கு நினைவில்லை, நான் பின்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிமிடங்களில் குளுவாங் பதினோரு பேரும் ஏறி வந்தார்கள். பந்து காற்றில் எழுவதற்கு முன்னால், என் பக்கத்தில் யாரோ ‘ஹோய்’ என்று அலறியது கேட்டது. புனிதா திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. கொடி உயர்ந்தது. ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. ஒன்றுக்கு ஒன்று. எங்களுக்கு அது போதும்.

மேனேஜர் சேற்றில் இறங்கி வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். தினேஷை ரைட் பேக்காகவே வைத்துக்கொண்டார். இடது பக்கம் அப்பாவுக்கே என்று ஆனது. மறுநாள் காலையில் அம்மா யாரையும் கேட்காமல் பஸ் ஏறிப் போய் மஞ்சள் சட்டை வாங்கிக்கொண்டு வந்தார், இரண்டு அளவு பெரியதாக. “வளர்ற புள்ள, ரெண்டு மூணு வருசம் போடட்டும்” என்றார். அந்தச் சட்டையைப் போல் அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் போட்டதில்லை.

அப்பா முழங்கால் கெட்டுப்போகும் வரைக்கும் அந்தக் குழுவில்தான் ஆடினார். பிறகு அதே டின் ஸ்டோரில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றார். ‘பாஞ்சிர்’ மறுபடியும் கூடவில்லை. அந்தப் பாட்டை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. மணியம் மாமாவுக்கே இப்போது பாதிதான் ஞாபகம் இருக்கிறது. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், ஸ்டோரை இடித்துவிட்டார்கள். திடலை மேடாக்கி வரிசை வீடுகள் கட்டியபோது, அதில் ஒன்றை நானும் என் கணவரும் வாங்கினோம். கோல் கம்பம் இருந்த இடத்தில் இப்போது ஒரு டோபிக் கடை. பின்வரிசை நின்ற இடம், அப்பா கணக்குப்படி, எங்கள் முன்வாசல் கேட். சமையலறை அதற்கும் பின்னால், கோல் பக்கம்.

எழுபதைத் தாண்டிய அப்பா காலையில் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரிடமும் உரக்கப் பேசுகிறார். சில நாள் உள்ளே திரும்பி என்னிடம், “பாப்பா, நீ ஆஃப்சைட்ல நின்னு சமைக்கற” என்று சத்தம் போடுவார்.

நான் குழம்பைக் கிளறிக்கொண்டே இருப்பேன். நகர்வதாக இல்லை.