நம்ம வூட்டு வைரஸ்

இன்று மதியம் கோரிமேட்டில் பஸ் ஏறினேன். கையில் ஒரு டாக்டர் வைரஸ்களைப் பற்றி எழுதிய புத்தகம்.

பக்கத்து சீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒரு கர்ப்பிணிப் பெண். அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"போன வாரம் எனக்கு வைரஸ் காய்ச்சல் வந்துதுக்கா. கொழந்தைக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஆனா பயம் போவல."

அப்போது படித்துக்கொண்டிருந்ததையே அவளிடம் சொன்னேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையான ஏதோ ஒரு விலங்குக்குள் புகுந்த வைரஸ் வெளியேறவே இல்லை. அது தந்த மரபணுவின் துணையோடுதான், வயிற்றுப் பிள்ளைக்குச் சோறூட்டும் நஞ்சுக்கொடி இன்றும் உருவாகிறது.

வயிற்றின் மேல் கைவைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. பஸ் கடலுக்கடியில் மிதந்து போவதுபோல் இருந்தது.

"அப்போ அதுவும் நம்ம வூட்டு ஆளுதான்" என்றாள் மெதுவாக.

"இதே டாக்டர் பறக்குற நாகம் வர்ற மாயக்கதையும் எழுதியிருக்கார்மா" என்று பையிலிருந்து அந்தப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன்.

"அதைக்கூட நம்பிடலாம்க்கா. இதைத்தான் நம்ப முடியல" என்று சிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவள் கேட்டு வாங்கிக்கொண்டது வைரஸ் புத்தகத்தை.

எனக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி. அந்த வைரஸ் கடைசியில் என்ன ஆனதென்று அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.