புருவத்துத் தழும்பு

செய்தித்தாள் அலுவலகத்தில் இணையதளத்துக்குப் படம் ஏற்றுவது அவள் வேலை. எந்த முகத்தையும் துடைத்துப் பளிச்சென்று ஆக்கித்தான் போடுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் 'பவுடர் அக்கா'.

அன்று மதியம், காணாமல்போன ஒரு பெரியவரின் கசங்கிய பழைய படம் வந்தது. கோடுகளையும் கறைகளையும் அழித்து ஏற்றினாள். கால் மணி நேரத்தில் பெரியவரின் மகள் போனில் வந்தாள்.

"மேடம், அப்பா புருவத்துல இருந்த வெட்டுத் தழும்பு எங்கே? அவருக்குத் தன் பேரே ஞாபகம் இல்ல. அதுதான் அடையாளமே!"

அவள் தழும்பைப் படத்தின் மடிப்பு என்று நினைத்து அழித்திருந்தாள். மூலப் படத்தை எடுத்து ஏற்றினாள். பக்கத்தைத் திறந்தால் அதே வழுவழு முகம். மறுபடி ஏற்றினாள். அதே முகம்தான்.

"அதே பேர்ல ஏத்துனா, முன்னாடி சேமிச்சு வெச்ச பழசையேதான் காட்டும். ஃபைல் பேரை மாத்துங்கக்கா," என்றார் பக்கத்து மேசை வடிவமைப்பாளர்.

மாற்றினாள். தழும்பு வந்தது. ஆனால் அதற்குள் முந்நூறு பேர் பழைய படத்தைப் பகிர்ந்துவிட்டார்களே! 'முதலில் வந்த படம் தவறு' என்று செய்தியின் தலையிலேயே எழுதிச் சேர்த்தாள். வேலை முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பக் கால் வரவில்லை.

இருட்டுவதற்குள் மகளே கூப்பிட்டாள். "கிடைச்சுட்டாருக்கா! ஒரு பஸ் கண்டக்டர் பார்த்துச் சொன்னார்."

"எந்தப் படத்தைப் பார்த்தாராம்?"

"முகத்தை எங்க பார்த்தார்? செய்தியில சொன்ன கட்டம்போட்ட சட்டையைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டாராம்."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, செய்தியின் தலையில் 'கிடைத்துவிட்டார்' என்று எழுதிச் சேர்த்தாள்.