பென்டிரைவில் ஏறாத பாட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். திருக்கோகர்ணம் ஆட்டோ ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த வாரம் வந்த கோபம் எந்த மனிதர் மேலும் வரவில்லை. என் சொந்தப் பாட்டின் மேல் வந்தது.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். நன்றாகப் பாடுவேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், புதுக்கோட்டையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், நானே எழுதிய அம்மன் பாட்டைத் தவில், பம்பை எல்லாம் வைத்துப் பதிவு செய்தேன். ஸ்டுடியோக்காரத் தம்பி அதை ஒரு கம்பெனி மூலமாக, மாதச் சந்தா கட்டிக் கேட்கிற பாட்டு ஆப்களில் ஏற்றிவிட்டார். என் பெயரைப் போட்டுத் தேடினால் படத்தோடு வந்தது. உடனே நானும் சந்தா கட்டினேன். தான் பாடினதைத் தானே காசு கொடுத்துக் கேட்கிற ஆள் இவன்தான் என்று ஸ்டாண்டில் என்னை ஓட்டித் தள்ளினார்கள்.

என் மனைவிக்கு ஊர் அரிமளம் பக்கம். அந்த ஊர் அம்மனுக்கு வெள்ளிக்கிழமை முளைப்பாரி. பெண்கள் முளைவிட்ட பயிரைத் தலையில் தூக்கி ஊர்வலம் போகும்போது என் பாட்டைப் போட ஊர்க்காரர்கள் ஒத்துக்கொண்டிருந்தார்கள். பேசி ஒத்துக்கொள்ள வைத்தவள் அவள்தான். பிறந்த வீட்டில் பத்து வருடமாக அவளுக்கு ஒரே பேச்சு, போயும் போயும் ஒரு ஆட்டோக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அதை என் முன்னாலேயே சிரித்துக்கொண்டு சொல்வார். அதனால்தான் அவள் அந்த வெள்ளிக்கிழமைக்காகச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லி வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலையில் மைக்செட்காரரிடம் பேசினேன்.

"பென்டிரைவுல கொண்டாங்க. போனெல்லாம் சொருக மாட்டேன்," என்றார்.

"ஏங்க, பாட்டு போன்லதான இருக்கு?"

"போன வருசம் ஒரு ஊர்ல தீபாராதனை நேரத்துல ஒருத்தரு போனை மாட்டுனேங்க. லோன் வேணுமா சார்னு ஒரு பொண்ணு குழாய் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. ஊரே நின்னு கேட்டுச்சு. அன்னையிலேருந்து போனைத் தொடுறதில்ல."

நியாயம்தான். எனக்கென்ன, பாட்டைத்தான் ஆப்பில் டவுன்லோடு பண்ணி வைத்திருக்கிறேனே என்று தெம்பாக இருந்தேன். போனைக் குடைந்து அந்த ஃபைலைக் கண்டுபிடித்து, பென்டிரைவில் ஏற்றி, ஆட்டோ பிளேயரில் சொருகினேன். விளக்கு ரெண்டு தடவை மினுங்கிவிட்டு நின்றுவிட்டது, பாட்டு வரவில்லை. செல்போன் கடைக்குக் கொண்டு ஓடினேன்.

"அண்ணே, இது அந்த ஆப்புக்குள்ளதான் பாடும்," என்றார் கடைக்காரர். "டவுன்லோடுன்னு பேருதான். பூட்டி வச்சிருப்பாங்க. சந்தா கட்டுற வரைக்கும் ஒங்க போன்ல கேக்கலாம். வேற பிளேயர்ல பாடாது."

"தம்பி, இது என் பாட்டு."

"யாரு பாட்டா இருந்தாலும் அப்படித்தாண்ணே."

எனக்கு வந்ததே ஆத்திரம். என் தொண்டையில் பிறந்த சத்தம் என் வண்டியில் பாட மாட்டேன் என்கிறது. ஸ்டுடியோவுக்குப் போனால், ஹார்டு டிஸ்க் செத்துப் போய் ஒரு வருடமாகிறது என்று தம்பி தலையைச் சொறிந்தார். புதிதாகப் பதிவு செய்யலாம் என்றால் தவில்காரரும் பம்பைக்காரரும் திருவிழாக்களுக்குப் போய்விட்டார்கள். நேரில் பாடுகிறேன் என்று கேட்டால் ஊரில் மைக்கைக் கொடுக்க மாட்டார்கள். ஒருத்தருக்குக் கொடுத்தால் அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். கடைசியில் வீட்டில் என் போனில் பாட்டை ஓடவிட்டு, மனைவியின் போனில் பதிவு செய்து பார்த்தோம். சரணம் ஆரம்பிக்கிற இடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் மூஞ்சியில எப்படிங்க முழிப்பேன்," என்றாள்.

வியாழக்கிழமை காலை ஸ்டுடியோத் தம்பி போன் செய்தார். "அண்ணே, பாட்டை ஏத்துன கம்பெனியில ஒங்க பேருல ஒரு அக்கவுண்ட் இருக்கு. உள்ள போயிட்டா நாம அனுப்புன ஒரிஜினலை எறக்கிக்கலாம். பாஸ்வேர்டு மறந்துபோச்சு. ஓடிபி ஒங்க பழைய நம்பருக்குப் போகுது."

பழைய நம்பரை ரீசார்ஜ் பண்ணாமல் நான் விட்டு ரெண்டு வருடம். இப்போது அது வேறு யாரிடமோ இருந்தது. ஸ்டாண்டில் நின்றபடியே அந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார்.

"வணக்கம்மா. ஒங்க போனுக்கு இப்ப ஒரு ஓடிபி வரும். அதைக் கொஞ்சம் சொன்னீங்கன்னா..."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அந்த அம்மா ஆலங்குடியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார் என்பது திட்டுக்கு நடுவில் தெரியவந்தது. "இங்கிட்டு மண்டிப் பக்கம் வா, மட்டை உரிக்கிற கம்பியிலயே ஒன்னைய உரிக்கிறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், கட் பண்ணினார். மூன்றாவது தடவை எடுத்தவுடனே முந்திக்கொண்டேன்.

"அம்மா, நான் திருடன் இல்ல, பாட்டுக்காரன். ஒங்க வீட்டுல பாட்டு ஆப் இருக்கா?"

"எம் மக போன்ல இருக்கு. அதுக்கென்ன?"

"அதுல எம் பாட்டைத் தேடிப் போடுங்க. நான் இங்கிட்டுப் பாடுறேன். ரெண்டும் ஒரே தொண்டையான்னு பாருங்க. இல்லைன்னா அப்பறம் திட்டுங்க."

பாட்டின் பெயரைச் சொன்னேன். பிறகு நட்டநடு ஸ்டாண்டில், பட்டப்பகலில், போனைக் காதில் வைத்துக்கொண்டு பாடினேன். தவில் இல்லை, பம்பை இல்லை. சவாரிக்கு வந்தவர்கள் பையோடு நின்றுவிட்டார்கள். என்னை ஓட்டுகிற ஆட்கள் பக்கத்தில் வந்து கூடினார்கள். சரணம் முடித்து நிறுத்தினேன். போனுக்குள் தூரத்தில் என் குரலே பாடிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது வரியில மூச்சு வாங்குறீங்க," என்றார் அந்த அம்மா. "இதுலயும் அதே எடத்துல வாங்குது. நீங்கதான். நம்பரைச் சொல்றேன், எழுதிக்கிங்க."

பாடி முடிப்பதற்குள் அந்த ஓடிபி காலாவதியாகிவிட்டது. ஸ்டுடியோத் தம்பி இன்னொன்று வரவழைத்தார். அந்த அம்மா அதையும் பொறுமையாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் பாட்டு என் பென்டிரைவில் இருந்தது. ஆட்டோவில் சொருகினேன். தவில் தடதடவென்று இறங்கியது. அந்த நாலரை நிமிடம் சவாரிக்குக் கூப்பிட்ட ஒருத்தரையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று ஹேண்டில்பாரில் குத்தியதில் கை வலித்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊர்வலம் கிளம்புகிற நேரத்துக்கு மச்சான் வந்து நின்றார். பாட்டு மாட்டிக்கொண்ட கதை அவர் காதுக்கும் போயிருந்தது. "என்ன மாப்ளே, பாட்டு கைக்கு வந்துருச்சா, இல்ல ஆப்புலயேதான் இருக்கா?" என்றார். நான் பென்டிரைவை மைக்செட்காரரிடம் நீட்டினேன். குழாய் கட்டிய வேன் நகர்ந்தது. என் குரல் ஓட்டு வீடுகளுக்கு மேலே ஏறிப் போனது. பெண்கள் குலவை போட்டார்கள். மச்சான் சிரிப்பதை நிறுத்தி, நின்று முழுசாகக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு ஏத்திக் குடுங்க மாப்ளே," என்றார்.

"சந்தா கட்டிக் கேளுங்க மச்சான்," என்றேன்.

முளைப்பாரி தலையில் இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. என் மனைவி நேரே பார்த்தபடி வேனை ஒட்டி நடந்து வந்துகொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. மைக்செட்காரர் வேறு பாட்டு மாற்றக் கையை நீட்டினார்.

"அண்ணே, அதையே இன்னொரு தடவ போடுங்க," என்றாள், தெருவுக்கே கேட்கிற குரலில். "எங்க வீட்டுக்காரரு பாடுனது."