பின்சந்துக்கு மேலே இரண்டு வழி

கோவிந்தராசு இரண்டு குடையோடு வெளியே போகிற ஆள். ஒன்று கையில், இன்னொன்று பையில். வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. பூட்டிவிட்டு மின்தூக்கி வரை போனவர், திரும்பி வந்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். பாசிர் ரிஸ்ஸில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கே அவரைப் பார்த்துச் சிரிக்கும். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் அவர் மனைவி வசந்தகுமாரிதான். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகும் அந்தச் சிரிப்பு மட்டும் விழவில்லை. மனுஷனின் பயத்துக்குத்தான் அதன் பிறகு அளவே இல்லாமல் போய்விட்டது.

பகல் வேளையில் வசந்தகுமாரி ஃபேரர் பார்க்கில் ஒரு பராமரிப்பு நிலையத்தில் இருப்பார். கழுத்தில் ஒரு பட்டன் தொங்கும். அமுக்கினால், தாதியர் மேசைத் திரையில் எந்த இடத்திலிருந்து அழைப்பு என்று தெரியும். வைஃபையில் ஓடுகிற பட்டன் அது. நிலையம் பின்சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த கடைவீட்டையும் எடுத்து உடற்பயிற்சி அறை ஆக்கியது. அங்கேயும் பட்டன் வேலை செய்யவேண்டுமே. வயர்லெஸ் வேலைதான் கோவிந்தராசுவின் பிழைப்பு. நானே செய்துதருகிறேன் என்று முன்வந்தார். வசந்தா இருக்கிற இடத்தை வேறொருவரை நம்பி விடுகிற ஆளா அவர்?

சந்துக்கு மேலே, இரண்டு கட்டடத்துக்கும் நடுவே, முன்பு யாரோ இழுத்த கேபிள் ஒன்று வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அதை நம்ப அவருக்கு மனம் வரவில்லை. அதன் முனையைப் பிடுங்கி வைத்தார். இரண்டு சுவரிலும் எதிரெதிரே ஒவ்வொரு வைஃபை பெட்டியை மாட்டி, கம்பி இல்லாமலே இரண்டையும் இணைத்தார். எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தார். அருமையாக வேலை செய்தது.

அதோடு கிளம்பியிருக்கலாம். பையை மாட்டும்போது வழக்கமான பயம் வந்துவிட்டது. பெருமழை வந்து வைஃபை அலை அறுந்துபோனால்? எதற்கும் இருக்கட்டும் என்று பழைய கேபிளையும், கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் செருகிவிட்டு, தெருமுனைக் கடைக்கு ஒரு கோப்பை தே குடிக்கப் போனார்.

முதல் வாய் உள்ளே இறங்குமுன் போன் அடித்தது. தாதி ருக்சார்.

"அங்கிள், எங்க இருக்கீங்க? ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல லா. எல்லாப் பட்டனும் டெட்!"

"வசந்தா எங்க?"

"தெரபி முடிஞ்சு இங்க வந்துட்டாங்கன்னு அந்தப் பக்கம் சொல்றாங்க. இங்க இல்ல அங்கிள். தேடிக்கிட்டு இருக்கோம்."

சாலையில் விளக்கு சிவப்பாக எரிந்தது. பச்சை வந்த பிறகும் இருபுறமும் பார்த்துக் கடக்கிற மனிதர், அன்று சிவப்பிலேயே குறுக்கே ஓடினார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அலறியது. தரையில் கிடக்கும் வசந்தாதான் கண்முன் நின்றாள்.

நிலையத்துக்குள் ஓடி நேரே சுவிட்சைப் பார்த்தார். அத்தனை பச்சை விளக்குகளும் ஒன்றாக, வெறிபிடித்தாற்போலத் துடித்துக்கொண்டிருந்தன. அவருக்குத் தெரியாத விஷயமா அது? இரண்டு பக்கத்துக்கும் நடுவே இரண்டு வழி வைத்தால், ஒன்றில் போன செய்தி மற்றொன்றில் திரும்பி வரும், மறுபடி போகும், சுற்றிச் சுற்றிப் பெருகி வேறெதற்கும் இடமில்லாமல் அடைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்த பாடம். பயம் அதை மறக்கடித்துவிட்டது. வசந்தா எங்கேயோ பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறாள், அதைத் தானே அடைத்து வைத்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

கேபிளைப் பிடித்தார். பிடுங்க முடியவில்லை. பிடுங்கிய பிறகு அந்தப் பெட்டிகளும் கைவிட்டால்? கைவசம் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு அவர் வாழ்ந்ததே இல்லை.

"அங்கிள், சீக்கிரம்!" என்றாள் ருக்சார்.

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

விளக்குகள் அடங்கின. திரை இருண்டே கிடந்தது. ருக்சார் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரே ஒரு சிவப்புக் கட்டம் மினுங்கியது: புதுக் கட்டடம், பின்பக்கக் கழிப்பறை. ஊழியர்கள் மட்டும் போகிற இடம். அங்கே தேட யாருக்கும் தோன்றவில்லை.

வசந்தகுமாரி சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார். அடி பெரிதாக இல்லை. பெருவிரல் மட்டும் பட்டனை விடவே இல்லை.

"முன்னாடி டாய்லெட்ல ஆள் இருந்தாங்க, அதான் இங்க வந்தேன். வழுக்கிடுச்சி. அமுக்கி அமுக்கிப் பாத்தேன், யாருமே வரல. பயந்துட்டேங்க."

பயம் என்ற சொல்லை மனைவி வாயிலிருந்து கோவிந்தராசு கேட்டதே இல்லை.

"நான்தான் காரணம் வசந்தா. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு வழி வச்சிட்டேன்."

வசந்தகுமாரி சிரிக்கவில்லை. வலக்கையால் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். டாக்சியிலும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கோவிந்தராசுவுக்குக் கை அரித்தது. இரண்டாவது பூட்டு சரியாக விழுந்ததா? எழப்போனார். சட்டை இழுபட்டது.

"எங்க போறீங்க? இங்கேயே இருங்க."

பூட்டு விழுந்ததோ இல்லையோ, நெஞ்சு படபடக்க அப்படியே உட்கார்ந்துவிட்டார்.