முதலில் சுவிட்ச், பிறகு காது

இமானாலி பிஷ்கெக் நகரத்தின் டிராலிபஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் மின்வேலை பார்த்தவர். அந்த பஸ்களை ஓட்டும் அறுநூறு வோல்ட் மேல்கம்பியோடு வாழ்ந்த மனிதருக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி பொம்மையாகத்தான் தெரிந்தது.

அவர் மனைவி ஜெய்னெப்பைக் கவனித்துக்கொள்ள, அவர்கள் இருவருக்கும் மூத்தவளான நான் தினமும் போய்வந்தேன். பக்கவாதம் அவளுடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. காது அதற்கு முன்பே மந்தம். காதுக்கருவி கீச்சிட்டால் பிடுங்கி எறிவாள். மகள் ஜாங்கிலுக்கு மாஸ்கோவில் ஒரு தையல் பட்டறையில் வேலை. ஞாயிறுதோறும் போனில் பேசிப் பதிந்து அனுப்புவாள். போனைக் காதோடு அழுத்தி வைத்தாலும் ஜெய்னெப்பின் முகத்தில் அசைவே இருக்காது. பஞ்சு வைத்த ஹெட்போனை மாட்டினோம். அதை அவள் தள்ளவில்லை. ஆனால் அந்தக் காதுக்குப் போனின் சத்தம் போதவில்லை. போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வைக்க, சத்தத்தைக் கூட்டும் ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்வதென்று இமானாலி முடிவு செய்தார். மகளின் குரல் ஒரு தடவையாவது அவள் காதில் விழவேண்டும், அவருக்கு வேறு ஆசை இல்லை.

பஜாரில் உதிரிபாகம் விற்கும் லிதியாவிடம் போனபோது நானும் உடன் இருந்தேன். ஜெய்னெப்புக்கு நான் மருந்து வாங்கும் கடை பக்கத்து வரிசையில்தான்.

“அண்ணே, இது டிராலிபஸ் இல்ல. ஐ.சி. சில்லை நேரா ஈயம் வெச்சுப் பத்த வெக்காதீங்க, சாக்கெட்டைப் பத்த வெச்சுட்டு அதுல சொருகுங்க. உங்க கையைப் பாத்தாலே ஐ.சி. செத்துரும்.”

“என் கைக்கு என்ன கேடு?”

“லாட ஆணி அடிக்கிற கை.”

இமானாலி சட்டைப்பையிலிருந்து பழைய கண்டன்சர்களை அள்ளி வைத்தார். “பட்டாளத்துக்குன்னு செஞ்சது. முத்திரையைப் பாரு.”

“முத்திரை இருக்கு, உள்ள ஈரம் காஞ்சுபோச்சு. முப்பது வருஷம் டப்பாவுல கிடந்தா நீங்களும் காய்வீங்க. புதுசு ஒரு சம்சா விலைதான். கோடு போட்ட பக்கத்துக் கால் மைனஸ். மாத்தி வெச்சா வெடிக்கும். ரெசிஸ்டரை மீட்டர்ல அளந்துட்டு வைங்க, கலர் கோட்டைப் பாத்துச் சொல்ற கண்ணு உங்களுக்கு இல்ல. வெலை கூடினது எதுவும் வேணாம், மொதல் தடவை எப்படியும் ரெண்டு கருகும்.”

பிறகு பெரிய கண்டன்சர் ஒன்றை எடுத்துக் காட்டினாள். “இது ஹெட்போனுக்குப் போற வழியில இருக்கும். சுவிட்ச் போட்டதும் நெரம்பும், அப்போ டப்புன்னு ஒரு சத்தம் வரும். அதனால மொதல்ல சுவிட்ச், அப்புறம் காது. பத்து எண்ணிட்டு மாட்டுங்க.”

“சரிங்க டாக்டரம்மா.”

மூன்று வாரம் சமையல் மேசை அவர் வசம் இருந்தது. மேசைவிரிப்பில் சூடு பட்டு ஏழு ஓட்டை. முதல் ஐ.சி. செத்தது. ஒரு கண்டன்சர் வெடித்துக் கஞ்சிக்குள் விழுந்தது. கடைசியில் ஒரு பழைய ஹெட்போனில் பாட்டு வந்தது. அவர் கத்திய கத்தலில் ஜெய்னெப்பே திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிறு காலை ஜாங்கிலின் பதிவு வந்தது. முதல் சொல் விழும்போது மனைவியின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற அவசரம் அவருக்கு. ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, முடியை ஒதுக்கி, வால்யூமை முழுதாகத் திருகிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

அந்த டப் சத்தம் இரண்டடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. ஜெய்னெப் அலறி, இடக்கையால் ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். பேச்சு போனவர்களிடம் பயம் புகுந்தால் அதைப் பேசி வெளியேற்ற முடியாது.

அவர் எல்லாவற்றையும் சரிசெய்தார். ஹெட்போன் தாமதமாக இணையும்படி ஒரு ரிலே வைத்தார். டப் சத்தம் போய்விட்டது. லிதியா மாட்டிப் பார்த்து, “இனிமே பச்சப் புள்ளைக்குக்கூட மாட்டலாம்ணே” என்றாள். ஆனால் அந்தப் பொருளைக் கண்டதுமே ஜெய்னெப் அவர் கையில் அடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறாவது தடவை ஹெட்போனை அவர் கையிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன்.

“போதும் இமானாலி. நீ கிட்ட வந்தாலே நடுங்கறா.”

“ஒரே ஒரு தடவை, அக்கா.”

“வேணாம்.”

ஜாங்கில் கேட்டு அனுப்பினாள்: “அப்பா, அம்மா கேட்டாங்களா?” அவர் போனை வாயருகே வைத்து, “கேட்டாம்மா. சிரிச்சா” என்றார். நான் ஜெய்னெப்பின் படுக்கை விரிப்பைத் தொடர்ந்து மாற்றினேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஹெட்போனைத் தானே மாட்டிக் கேட்டுவிட்டு, மகள் சொன்னதை மனைவியின் காதில் கத்திச் சொல்வார். அவளுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் ஜெய்னெப் நுரையீரலில் சளி கட்டி இறந்தாள். ஜாங்கில் விமானத்தில் வந்து அடக்கத்துக்குச் சேர்ந்தாள். அழ வந்த பெண்களெல்லாம் போனபின், சமையலறையில் அப்பாவிடம் கேட்டாள்: “கடைசியா அனுப்பினதையும் கேட்டாங்களாப்பா?”

அவர் தேநீர்க் கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினார். நான் நடந்ததைச் சொன்னேன். யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

ஜாங்கில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: “டிசம்பர்ல ரெண்டு வாரம் லீவு குடுத்தாங்க பெரியம்மா. அம்மாதான் என் கொரலக் கேட்டுச் சிரிக்கிறாங்களே, வசந்தத்துல போய்க்கலாம்னு வேண்டாம்னுட்டேன்.”

இமானாலி மேசையைப் பார்த்தபடி சொன்னார்: “நெசத்தைச் சொன்னா நீ அங்க தனியா உக்காந்து அழுவேன்னு நெனச்சேன்மா.”

“அழுதிருப்பேன். அழுதுட்டு வந்திருப்பேன்ப்பா.”