கண் இருக்கிற பக்கம்

கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிகிற சாதி நான். சுத்தியல் எறிந்திருக்கிறேன், சோற்றுக் கோப்பை எறிந்திருக்கிறேன். ஒருநாள் வெல்டிங் முகமூடியை எறிந்தேன். அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

கண்டாவளைப் பக்கம் எனக்கு வெல்டிங் கடை. கூட நின்று வேலை செய்பவன் என் மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டியவன், கைநேர்த்தியில் என்னை விழுங்கிவிடுவான். அவனுடைய இடது கண்ணைப் போரில் வெடித்த செல் குண்டின் துண்டு கொண்டுபோய்விட்டது. மிச்சம் வலது கண் ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்துத்தான் நெருப்போடு சீவியம்.

அதனால் கண்ணாடி விஷயத்தில் நான் பேய். சுவரில் மூன்று ஆணி. கிரைண்டர் பிடிக்க வெள்ளைக் கண்ணாடி, காஸில் வெட்ட ஐந்தாம் நம்பர் பச்சைக் கண்ணாடி, கரண்ட் வெல்டிங்குக்குப் பதினோராம் நம்பர் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி. ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்தால் அன்றைக்கு என் வாயில் நல்ல வார்த்தை வராது.

காலபோக நெல்லுக்கு உழவு நேரம். சேற்றில் ஓடவென்று உழவு இயந்திரத்துக்குப் பூட்டுகிற இரும்புச் சில்லு ஒன்றை முதல்நாள் ஒட்டிக் கொடுத்திருந்தேன். வயல் நடுவில் ஒட்டு விட்டுவிட்டது. சொந்தக்காரர் சேற்றுக் காலோடு வந்து சில்லைக் கடை வாசலில் போட்டார்.

"எச்சில் தொட்டே ஒட்டினனி?" என்று என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

கையில் இருந்த முகமூடியை அவர் தலைக்குக் குறிவைத்து எறிந்தேன். அது தவறி இரும்புச் சில்லில் மோதி விழுந்தது. அவர் வாசலில் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கைத் தூக்கினார். நான் சுத்தியலைத் தேடினேன். மைத்துனன் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து என்னைத் தோளால் இடித்து வெளியே தள்ளினான்.

"அத்தான், நீங்கள் ரவுண் கடைக்குப் போய் வெல்டிங் கம்பி வாங்கியாங்கோ. நான் ஒட்டிக் குடுக்கிறன்."

போனேன். பின்னேரம் திரும்பி வந்தபோது சில்லும் இல்லை, கொண்டுவந்தவரும் இல்லை. முகமூடி அதன் ஆணியில் தொங்கியது. நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மைத்துனனை அவன் மனைவி கைபிடித்து நடத்தி வந்தாள். வலது கண் இமை வீங்கி ஒட்டிக் கிடந்தது. கண்ணீர் கழுத்துவரை ஓடியது.

"கண்ணுக்குள்ள மணல் கொட்டின மாதிரியாம், அண்ணை. பக்கத்து வீட்டுப் பிள்ளைபெத்தவளிட்ட முலைப்பால் வாங்கி விட்டும் பார்த்தன். கேக்கேல்ல."

முகமூடியை எடுத்துத் திருப்பினேன். கறுப்புக் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் மடித்துச் சொருகிய எக்ஸ்ரே படம். போருக்குப் பிறகு எங்கள் ஊரில் எக்ஸ்ரே படம் இல்லாத வீடு குறைவு. கிரகணம் பார்க்கவும் அதைத்தான் எடுப்போம், அந்தப் பழக்கம். வெளிச்சத்தில் பிடித்தேன். அவனுடைய மண்டையோட்டுப் படம். எலும்பும் செல் துண்டும் வெளிறிக் கிடந்தன, வெளிச்சம் அதற்குள்ளால் தாராளமாக வந்தது. விளிம்பு வேறு சூட்டில் சுருண்டு, இடைவெளி விட்டிருந்தது.

மிஞ்சின ஒரு கண்ணையும் நெருப்புக்குக் கொடுத்திருக்கிறான். ஓங்கி அறைந்தேன். அடி வருவது அவனுக்குத் தெரியவில்லை, கையைக்கூட உயர்த்தவில்லை. தலை போய்க் கதவு நிலையில் மோதியது. மறுபடி ஓங்கினேன்.

அவன் நிலையைத் தடவிப் பிடித்து நிமிர்ந்தான்.

"அத்தான், அடிக்கிறதெண்டா மற்றப் பக்கம் அடியுங்கோ. இது கண் இருக்கிற பக்கம்."

அவன் மனைவி எனக்கும் அவனுக்கும் இடையில் வந்து நின்று கத்தினாள். "அந்தக் கண்ணாடியை உடைச்சது ஆர்? நீங்கள் எறிஞ்ச எறியிலதான் அது வெடிச்சது. சொன்னால் திரும்பப் போய் அந்தச் சில்லுக்கார மனுசனைக் கொல்லுவியள் எண்டு பயந்து இவர் இதைச் சொருகினவர்!"

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தான். கண்ணின் மேற்பரப்பு வெந்துவிட்டது, ஆறும், ஆனால் உறுதி சொல்லமுடியாது என்றார் டொக்டர். மருந்து விட்டுக் கட்டினார்கள். இரண்டு நாள் அவனுக்கு இரண்டு கண்ணும் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் சோறு தின்னவில்லை. தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டினேன். என் கண்ணில் ஒன்றை எடுத்துக்கொள் என்றும் கேட்டேன், உண்மையாகத்தான் கேட்டேன்.

மூன்றாம் நாள் கட்டு அவிழ்த்தார்கள். அவன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னைப் பார்த்து, "அத்தான், சவரம் எடுக்கேல்லயோ?" என்றான். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் குழறி அழுதேன்.

இப்போது மேசை லாச்சியில் கறுப்புக் கண்ணாடி எப்போதும் மேலதிகமாக இருக்கிறது. உடைந்தால் சொல்லு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அவனுக்குச் சத்தியம் செய்தும் கொடுத்திருக்கிறேன். ஓம் என்றான். பழையபடி சிரிக்கிறான், வேலை செய்கிறான். ஆனால் கண்ணாடி எடுக்க அவன் தலைக்கு மேலுள்ள ஆணிக்கு நான் கையை உயர்த்தினால், பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தைத் திருப்பி, கண் இல்லாத பக்கத்தை எனக்குக் காட்டுகிறான்.