பட்டைத் தண்ணீர் குடித்த கத்தரிச்செடிகள்

"தெரியலியே, வா பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அமிர்தவள்ளி முந்தானையை இடுப்பில் செருகுகிறார். தூக்கணாங்குருவி தன் கூட்டுக்குள் களிமண்ணை ஏன் அப்புகிறது? கேட்டவள் சின்ன மகள் ரோசலி. கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு, தாயும் இரண்டு மகள்களும் பாலாற்று மணலில் பனைமரத்தைப் பார்த்து நடக்கிறார்கள்.

ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டிய ஓட்டு வீடு. கணவர் இருதயராஜ் அங்கே மேஸ்திரி. மூத்தவள் பிலோமினாவும் ரோசலியும் போன வருஷம் வரை ஊருக்குள் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். தோல் நாற்றம் என்று யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. "எனக்கு ஒண்ணும் நாறல. ஊட்லயே படிங்க" என்று நிறுத்திவிட்டார் அமிர்தவள்ளி. அவர் படிப்பு ஐந்தாம் வகுப்பு.

இந்த வீட்டில் எழுத்துகள் துண்டுத் தோலில் வெட்டியவை. 'ழ'வை நாய் கவ்விக்கொண்டு போனதில், புதிது வெட்டும்வரை பிலோமினாவுக்கு வாழைப்பழம் எழுத வழியில்லை. ஏலகிரி மேல் மேகம் ஒதுங்குவதைப் பார்த்து மழை சொல்கிறார்கள். பாதி நாள் தப்பாகத்தான் சொல்கிறார்கள். அதற்கும் சிரிப்புதான்.

சிரிப்பு வராத விஷயம் ஒன்று இருந்தது. இருதயராஜின் அக்கா சவுரியம்மாள், பெண்களை வேலூருக்குக் கொண்டுபோய் விடுதியில் சேர்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "அக்கா வந்து பாக்கட்டும். அது சொல்றதுதான்" என்று கணவர் நழுவிவிட்டார். பெண்கள் இல்லாத வீட்டை அமிர்தவள்ளியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கத்தரிப்பாத்தி ஒன்று பட்டுப்போனது. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் கிடந்தால் மாட்டுத்தோல் அழுகாமல் கெட்டிப்படும். "தோலு கெட்டியாவுது, செடி மட்டும் ஆவாதா?" என்று அமிர்தவள்ளி அதைக் குடம் குடமாகக் கொண்டுவந்து அந்தப் பாத்திக்கு ஊற்றியிருந்தார். பக்கத்துப் பாத்திக்குப் பெண்கள் கிணற்றுத் தண்ணீர் விட்டிருந்தார்கள்.

"அக்கா வர்ற நேரம். புடுங்கிப் போட்டுடு" என்றார் இருதயராஜ்.

"பாடத்த யாராச்சும் புடுங்கிப் போடுவாங்களா?"

இவர்களைப் பார்க்க நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜட்கா வண்டியில் வந்திறங்கினார் சவுரியம்மாள். கையில் காலித் தகரப்பெட்டி, பெண்களின் துணிமணிக்காக. நேரே தோட்டத்துக்குப் போனார்.

"இன்னா அமிர்தம், இதான் உன் இஸ்கூலா? காஞ்சி கெடக்குது?"

"அது அம்மா சாவடிச்சது அத்தை!" என்றாள் ரோசலி உற்சாகமாக. "பச்சையா இருக்குதே, அது நாங்க வளத்தது."

இருதயராஜ் பிடரியைச் சொறிந்தார்.

"தப்பு பண்றவதான் டீச்சரம்மாவா?" என்றார் சவுரியம்மாள்.

"ஆமா அண்ணி, நான்தான் கெடுத்தேன்."

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பட்டுப்போன செடி ஒன்றைச் சுண்டி இழுத்தார். வேர் மை தோய்த்தது போலிருந்தது. நகத்தால் கீறினார், முகர்ந்தார். "இது ஏண்டி இப்பிடிக் கறுத்துப் போச்சி?"

"தெரியலியே அண்ணி. வாங்க பாக்கலாம்" என்றார் அமிர்தவள்ளி. "குனிஞ்சா உங்களுக்கு இடுப்பு புடிக்கும்."

தகரப்பெட்டியைக் கவிழ்த்து, முந்தானையால் துடைத்து, பாத்தி ஓரமாகப் போட்டார். வேரிலிருந்து கண்ணை எடுக்காமலே சவுரியம்மாள் அதன்மேல் உட்கார்ந்தார்.